மங்காவில் கண் புரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் படிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு பள்ளிக்கூடக் கதையில் வரும் பெண்ணை நான்கு தொகுதிகள் வரை திமிர் பிடித்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தொகுதியில் அவள் உடைந்து அழுதபோது, இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் முதல் தொகுதியிலேயே அவள் கண் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. கீழ் இமை லேசாக மேலேறி இறுகியிருந்தது. கருவிழி எதிரில் நிற்பவரின் முகத்துக்கு வராமல் ஓரத்திலேயே நின்றது. அவ்வளவும் கூச்சம். நான் பேச்சுக் குமிழை மட்டும் படித்துவிட்டுப் படத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

அதன்பின் எனக்கு வந்த தடுமாற்றங்களையும் நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பத்துப் பன்னிரண்டு சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: சும்மா இருக்கும் கண்

ஒரு பாத்திரம் எந்த உணர்ச்சிக் கொந்தளிப்பும் இல்லாமல் இருக்கும் ஒரு கட்டத்தை, அதாவது பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு படத்தை, தேடிப் பிடியுங்கள். சாப்பிடுவது, தெருவில் நடப்பது, வகுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரியான காட்சி முதல் இரண்டு மூன்று அத்தியாயத்துக்குள் எப்படியும் இருக்கும். அங்கே ஐந்தைக் கவனியுங்கள். மேல் இமைக்கோடு எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் சாய்கிறது? கருவிழி எவ்வளவு பெரிது? அதைச் சுற்றி வெள்ளை எத்தனை பக்கம் தெரிகிறது? விழிக்குள் ஒளிப்புள்ளி எத்தனை, எங்கே? புருவம் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

இந்த ஐந்தில் ஏதோ ஒன்று நகர்வதுதான் உணர்ச்சி. ஒரு கண்ணைத் தனியாக எடுத்துவைத்து அகராதி மாதிரி 'இது கோபம், இது பயம்' என்று பொருள் பார்க்கப் போனால் பாதி நேரம் தப்பாகத்தான் முடியும். ஒருவர் பயத்துக்கு வரையும் கண், இன்னொருவர் கதையில் நாயகனின் அன்றாடக் கண்ணாக இருக்கும்.

"எல்லார் கண்ணும் ஒரே மாதிரிதான் தெரிகிறது"

முதலில் நீங்கள் படிக்கும் திரையைச் சந்தேகப்படுங்கள். தொழில்முறை மங்கா பழக்கமாக பி4 அளவுத் தாளில் வரையப்படுகிறது. வார இதழில் அச்சாகும்போது பி5 அளவுக்குச் சுருங்கும். தொகுதியாக வரும்போது கைக்கு அடக்கமாக இன்னும் சுருங்கும். அதையே போன் திரையில் முழுப் பக்கமாகப் பார்த்தால் இமைக்கோட்டின் தடிமன் வேறுபாடெல்லாம் போய்விடும். இன்னொன்று, கருவிழியில் தெரியும் சாம்பல் நிறம் உண்மையில் சாம்பல் இல்லை. ஸ்கிரீன்டோன் என்கிற புள்ளித் தாளின் நெருக்கமான கரும்புள்ளிகள் அவை. திரையில் சுருங்கும்போது அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்பி அலை அலையாகக் கோலம் போடும், விழிக்குள் இருந்த சின்ன வெளிச்சத்தை விழுங்கிவிடும். முழுப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முகம் பெரிதாக வரும் கட்டங்களை மட்டும் இரு விரலால் விரித்துப் பாருங்கள். டேப்லெட்டோ அச்சுப் பிரதியோ கிடைத்தால் நிலைமை உடனே மாறும்.

அப்படியும் ஒன்றுபோலவே தெரிந்தால், கண்ணின் வெளி ஓரத்தை மட்டும் பாருங்கள். மேல்நோக்கி இழுத்தது போலிருந்தால் ஜப்பானியர்கள் அதை ட்சுரிமே என்பார்கள். கீழே சரிந்திருந்தால் தாரேமே. பல ஓவியர்கள் ஒரு கூட்டத்தையே இந்த ஒரு சாய்வை வைத்துத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள்.

"இவர் எந்நேரமும் முறைத்துக்கொண்டே இருக்கிறாரே"

மேலே சொன்ன சாய்வுதான் இங்கேயும் காரணம். ட்சுரிமே உள்ளவர் அமைதியாக இருந்தாலும் முறைப்பது போலத் தெரிவார். தாரேமே உள்ளவர் லாட்டரி விழுந்தாலும் வாடிய மாதிரி இருப்பார். கருவிழி சின்னதாகி இரு பக்கமும் கீழேயும் என மூன்று பக்கம் வெள்ளை தெரியும் கண்ணுக்கு சன்பகுகன் என்று பெயர். முரடர்களுக்கும், முரடரைப் போலத் தோற்றமளிக்கும் நல்லவர்களுக்கும் இதைக் கொடுப்பது வழக்கம். இந்த இரண்டாம் வகையினரிடம்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம்.

இவர்களிடம் கண்ணின் வடிவத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், அது முக அமைப்பு. புருவத்துக்குப் போங்கள். மங்காவில் நெற்றி முடியை ஊடுருவி, முடிக்கு மேலேயே புருவத்தை வரைவார்கள். கவனித்திருக்கிறீர்களா? புருவம் மறைந்துபோனால் வாசகர் தொலைந்துபோவார் என்பதால்தான் அந்த ஏற்பாடு. உள்முனை கீழே இறங்கி மூக்குப் பக்கம் நெருக்கினால் கோபம். உள்முனை மட்டும் மேலே தூக்கினால் கவலை, கெஞ்சல். இரண்டும் ஒரே சமயத்தில், அதாவது நெருங்கிக்கொண்டே தூக்கினால் அழுகையை அடக்குகிறார்.

"கண் மூடியிருக்கிறது. சிரிக்கிறாரா, நொந்துபோயிருக்கிறாரா?"

மூடிய கண் என்பது ஒரே ஒரு வளைகோடு. அது குன்று மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தால் சிரிப்பு. கிண்ணம் மாதிரி கீழே தொங்கினால் அமைதி, தூக்கம், 'சரி, நடப்பது நடக்கட்டும்' என்ற மனநிலை, சில நேரம் துக்கம்.

இது வெறும் மரபுக் குறியீடு என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடி முன் நின்று மனதாரச் சிரித்துப் பாருங்கள். கன்னம் மேலேறிக் கீழ் இமையை மேலே தள்ளும். அந்தத் தள்ளப்பட்ட விளிம்புதான் குன்று. தூங்கும்போது கன்னம் அசையாது, மேல் இமை மட்டும் இறங்கிவந்து கீழே சேரும். அதுதான் கிண்ணம். இதை ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

கிண்ணத்தில் அமைதியையும் துக்கத்தையும் பிரிக்க மறுபடி புருவம்தான். தளர்ந்திருந்தால் அமைதி, உள்முனை தூக்கியிருந்தால் துக்கம். குன்று வளைவோடு கன்னத்தோரம் ஒரு வியர்வைத் துளி இருந்தால் அது சமாளிப்புச் சிரிப்பு.

எப்போதுமே கண் கோடாகவே இருக்கும் ஆட்களும் உண்டு. இதோமே, அதாவது நூல் கண். அவர்களுக்கு மூடிய கண்தான் இயல்பு, அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் அந்த ஆள் கதையில் முதல்முறை கண்ணைத் திறக்கும் கட்டத்தில் நின்று நிதானித்துப் பாருங்கள். அதற்காகத்தான் ஓவியர் இத்தனை அத்தியாயம் காத்திருந்திருப்பார்.

"பாதி மூடிய கண்: தூக்கமா, இளக்காரமா?"

மேல் இமை வளைந்து தொங்கினால் தூக்கம். அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடாகக் கருவிழியை வெட்டினால் அதுதான் ஜிதோமே: 'நீ சொல்வதை நான் நம்பவில்லை' என்ற பார்வை. விழி யாரையாவது நேராகக் குறிவைத்தால் உறுதி.

"கண்ணில் ஒளியே இல்லை"

இதுதான் எல்லாரும் அதிகம் கேட்பது, நானும் அதிகம் ரசிப்பது. ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியை எடுத்துவிட்டால் ஒரு முகம் எப்படி வெறிச்சோடிப் போகிறது என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் ஒளி இல்லாத எல்லாக் கண்ணும் விரக்திக் கண் ஆகாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

படம் சின்னதா? வார இதழுக்கு வரைபவர் வாரந்தோறும் 20 பக்கத்துக்கு அருகில் முடிக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் உருவத்துக்கு ஒளிப்புள்ளி வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அடுத்த பெரிய முகத்தில் ஒளி திரும்பிவிட்டால் இதை மறந்துவிடுங்கள்.

இந்த ஆளுக்கு இயல்பிலேயே ஒளி கிடையாதா? குறித்துவைத்த சும்மா இருக்கும் கண்ணைப் பாருங்கள். சில பாத்திரங்களுக்கு முதல் பக்கத்திலிருந்தே அணைத்தே வைத்திருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் ஒளி எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

சுற்றிலும் இருட்டா? இரவு, குடைக்கு அடியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது. அதே கட்டத்தில் மற்றவர்கள் கண்ணிலும் ஒளி இல்லையென்றால் காரணம் வெளிச்சம்தான். ஒருவரிடம் மட்டும் காணவில்லை என்றால் காரணம் மனசு.

இந்த மூன்றும் கழிந்தபிறகு மிஞ்சுவதுதான் உணர்ச்சி. அதிலும் நான்கு வகையைப் பிரிக்கலாம். இமை இயல்பாக, புருவம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தால் நம்பிக்கை போய்விட்டது. கருவிழி சுருங்கி இமை இறுகியிருந்தால், சத்தம் போடாத கோபம். மங்காவில் கத்துகிற கோபத்தைவிட இது ஆபத்தானது. விழி முழுக்க ஒரே சீரான சாம்பலாகி யாரையும் பார்க்காமல் நின்றால், வசியமோ வேறொரு சக்தியோ அவரை ஆட்டிவைக்கிறது. இமை பாதி தொங்கி, தோளும் தொங்கி, சுற்றியுள்ளவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் வெறும் சலிப்பு. இந்தக் கடைசி வகையை ஜப்பானிய மொழியில் 'செத்த மீன் கண்' என்பார்கள். மீன் வாங்கப் போய், கண் மங்கியிருக்கிறதா என்று பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஒளி எங்கே அணைந்தது என்று கண்டுபிடித்தாயிற்று என்றால், எங்கே திரும்புகிறது என்பதையும் தேடுங்கள். பல நேரம் அந்த மொத்த அத்தியாயமும் அந்த ஒரு கட்டத்தை நோக்கித்தான் வரையப்பட்டிருக்கும்.

"கருவிழியே காணோம், வெறும் வெள்ளை"

கண்ணாடி போட்டவரா? அப்படியானால் அது கண்ணாடியில் பட்ட வெளிச்சம். அதைக் கீழே 'கண்ணையே காட்ட மாட்டேன் என்கிறார்கள்' என்ற தலைப்பில் பாருங்கள்.

கண்ணாடி இல்லையென்றால் இதன் பெயர் ஷிரோமே, வெள்ளைக் கண். அளவுக்கு மீறிய அதிர்ச்சி. பார்வை வெளியே போகாமல் உள்ளுக்குள் விழுந்துவிட்டது என்று பொருள். மியுச்சி சுசுயே 1976ல் தொடங்கிய 'கராசு நோ கமென்' என்ற நாடகமேடைக் கதை இந்தக் கண்ணுக்குப் பேர்போனது. அதில் ஒரு நடிகை இன்னொரு நடிகையின் திறமையைக் கண்டு உறைந்துபோகும் கட்டங்களில் பின்னணி கறுத்துவிடும், மின்னல் போலக் கோடு பாயும், கண் வெள்ளையாகிவிடும். அங்கே அது முழுக்க முழுக்கத் தீவிரமான உணர்வு. பின்னால் வந்த பலர் அதையே கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் இன்றைய கதைகளில் இதைப் பார்த்ததும் குழப்பம் வருகிறது.

பிரிக்கும் வழி: இமைக்கும் இமைமயிருக்கும் முழு நுணுக்கத்தோடு கோடு போட்டிருந்தால் நிஜ அதிர்ச்சி. முகமே பொம்மை மாதிரி எளிமையாகி, கண் வெறும் வட்டமாகியிருந்தால் வேடிக்கை. நெற்றியிலிருந்து செங்குத்தாக இறங்கும் மெல்லிய கோடுகள் இரண்டிலும் வரும், அதை நம்ப வேண்டாம்.

"கண் புள்ளியாகிவிட்டது"

திகைப்பு. ஜப்பானிய மொழியிலேயே 'கண் புள்ளியாயிற்று' என்றுதான் வழக்கு. ஆனால் கண்ணின் வெளிக்கோடு அப்படியே பெரிதாக இருந்து, உள்ளே கருவிழி மட்டும் புள்ளியளவு சுருங்கியிருந்தால் அது பீதி.

"கண் முழுக்க நட்சத்திரம். அழுகிறாளா, மகிழ்ச்சியா?"

பெண்களுக்கான ஷோஜோ மங்காவில் இந்தச் சிக்கல் வரும். அங்கே நட்சத்திரம் இருப்பது இயல்பு. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் படிப்பது சுலபம். 1930களிலேயே ஓவியர் நகஹாரா ஜுனிச்சி 'ஷோஜோ நோ தொமோ' என்ற சிறுமியர் இதழில் பெரிய, ஏக்கம் நிறைந்த கண்களோடு பெண்களை வரைந்தார். மங்கா முன்னோடியான தெசுகா ஒசாமு சின்ன வயதில் வளர்ந்த ஊர் தகாராசுகா. பெண்களே எல்லா வேடமும் கட்டும் தகாராசுகா நாடகக் குழுவின் ஊர். கடைசி வரிசைக்கும் தெரியும்படி கண்ணைத் தீட்டிய அந்த மேடை ஒப்பனையும் அமெரிக்கக் கார்ட்டூன்களும் அவர் கையில் கலந்தன. 1953ல் அவர் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி' என்ற மங்காவின் இளவரசி அந்தக் கலவையின் பிள்ளை. 1950களின் பிற்பகுதியில் ஓவியர் தகாஹாஷி மகோட்டோ விழிக்குள் நட்சத்திரத்தையே வைத்தார். அடுத்த தலைமுறைப் பெண் ஓவியர்கள் அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு, மனசுக்குள் நடப்பதையெல்லாம் அதற்குள் காட்ட ஆரம்பித்தார்கள்.

ஆக, இந்த வகையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, அது அசைகிறதா என்று பாருங்கள். ஒளிப்புள்ளியின் விளிம்பு நடுங்கிச் சிதறியிருந்தால், கீழ் இமையோரம் ஒரு வெள்ளைப் பட்டை தேங்கியிருந்தால், கண்ணீர் வரப்போகிறது. விளிம்பு கூர்மையாக இருந்து புள்ளிகள் பெருகியிருந்தால் ஆசை, வியப்பு, காதல்.

"கண்ணையே காட்ட மாட்டேன் என்கிறார்கள்"

முடியின் நிழல் கண்ணை மூடியிருக்கும். அல்லது கண்ணாடி வெள்ளையாக மின்னும். அல்லது கட்டத்தின் விளிம்பு மூக்குக்கு மேலே வெட்டிவிட்டு வாயை மட்டும் காட்டும். புதிதாகப் படிப்பவர்கள் இதை ஏதோ விடுபட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் இது மங்காவின் மிக உரத்த கட்டங்களில் ஒன்று. முகத்தில் அதிகம் பேசும் உறுப்பையே பொத்திவைத்திருக்கிறார் என்றால், உள்ளே இருப்பது அவ்வளவு பெரிது.

யார் மறைக்கிறார் என்று கேளுங்கள். முடி நிழலும் குனிந்த தலையும் என்றால் பாத்திரமே மறைக்கிறது: அவமானம், அடக்கிய அழுகை, வெடிக்கப்போகும் கோபம். பல் கடித்திருக்கிறதா, உதடு நடுங்குகிறதா, கை முஷ்டியாகியிருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கண்ணாடி மின்னல் என்றால் அந்த ஆளுக்குத் திட்டம் இருக்கிறது, அதை நம்மிடம் சொல்ல மாட்டார். கட்டத்தின் விளிம்பு வெட்டுகிறது என்றால் மறைப்பவர் ஓவியர், நம்மைக் காக்க வைக்கிறார்.

எவ்வளவு நேரம் காக்க வேண்டும்? பெரும்பாலும் பக்கத்தைப் புரட்டும் வரை. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். விரிந்த இரண்டு பக்கத்தில் கடைசியாகக் கண் போவது இடப்பக்கத்தின் கீழ் இடது மூலைக்கு. அங்கே கேள்வியைப் போட்டு, புரட்டியதும் வலப்பக்கத்தின் மேலே பதிலை வைப்பதற்கு மெகுரி என்று பெயர், புரட்டல். மூலையில் மறைந்த கண், புரட்டினால் பக்கம் முழுக்க அந்தக் கண். செயலியில் ஒற்றைப் பக்கமாகப் படிக்கும்போது இந்த ஏற்பாடு காணாமல் போகிறது. இரட்டைப் பக்கமாகக் காட்டும் வசதி இருந்தால் போனைப் படுக்கவைத்து அதைப் போடுங்கள். இந்த ஒரு மாற்றம் எனக்குப் பல கதைகளைப் புதிதாக்கியது.

"யாரைப் பார்க்கிறார் என்றே தெரியவில்லை"

இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய நமக்கு இது வரும். வலமிருந்து இடமாகப் போகும் மங்காவில் இடது பக்கம் பார்ப்பவர் பெரும்பாலும் கதை போகும் திசையைப் பார்க்கிறார். வலது பக்கம் பார்ப்பவர் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறார், அல்லது வருவதை எதிர்த்து நிற்கிறார். அகலமாக, ஒல்லியாக, கண் இரண்டை மட்டும் காட்டும் பட்டைக் கட்டம் வந்தால் விழி சாயும் பக்கம் விரலை நகர்த்துங்கள். பார்க்கப்படும் ஆள் அங்கேதான் இருப்பார்.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் உங்கள் பிரதி கண்ணாடி பிம்பமாகத் திருப்பப்பட்டதாக இருக்கலாம். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் இது சகஜம். 1988ல் அமெரிக்காவில் 'அகிரா' என்ற மங்கா வெளிவரத் தொடங்கியபோது பக்கங்களைத் திருப்பி வண்ணமும் பூசித்தான் வெளியிட்டார்கள். கண்டுபிடிக்க எளிய சோதனை கிமோனோ. ஜப்பானில் உயிரோடு இருப்பவர்கள் இடது மடிப்பை மேலே வைத்து உடுத்துவார்கள், வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு. கதையில் எல்லாரும் வலதை மேலே போட்டிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. திசைக் கணக்கையும் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.

"வாய் சிரிக்கிறது, கண் வேறு சொல்கிறது"

கண்ணை நம்புங்கள். 'கண் சிரிக்கவில்லை' என்பது ஜப்பானியர்களின் அன்றாடப் பேச்சிலேயே உள்ள எச்சரிக்கை. 2007ல் மசாகி யூகியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கண்ணும் வாயும் முரண்படும் முகங்களைக் காட்டியபோது ஜப்பானியர்கள் கண்ணுக்கும் அமெரிக்கர்கள் வாய்க்கும் அதிக எடை கொடுத்தார்கள். விசைப்பலகைச் சிரிப்பிலும் இது தெரியும். அங்கே (^_^) என்றும் (;_;) என்றும் கண்தான் மாறும், வாய் ஒரே கோடு. மேற்கின் :) குறியில் கண் இரண்டு புள்ளியாக நிற்க, வாய்தான் வளைகிறது. வாயை முதலில் பார்த்துப் பழகியவர் ஜப்பானிய ஓவியரின் பக்கத்தில் வழிதவறுவது இதனால்தான்.

வாய் விரிந்து கண் அகலத் திறந்தே இருந்தால் அந்தச் சிரிப்பில் அபாயம் இருக்கிறது. வாய் அசையாமல் கீழ் இமை மட்டும் லேசாக மேலேறியிருந்தால், அது அந்தக் கதையிலேயே மிக உண்மையான சிரிப்பாக இருக்கக்கூடும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

ஏற்கெனவே படித்த ஒரு அத்தியாயத்தை எடுத்து, பேச்சுக் குமிழ்களைச் சின்னத் தாள்துண்டுகளால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் வரிசையாகப் பார்த்து வாருங்கள். இதற்கு இனோவே தகேஹிகோ 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்துக் கதையான 'ஸ்லாம் டங்க்'கின் கடைசி ஆட்டத்தைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அதன் இறுதித் தருணங்களில் குமிழ்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகின்றன, மறைப்பதற்கு எதுவும் இருக்காது. பந்தை விட்டுவிட்டு முகங்களுக்கு மட்டும் போங்கள். எந்தக் கட்டத்தில் யார் கண் முதலில் மாறுகிறது, ஐந்தில் எது நகர்ந்தது என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் உங்களைக் குழப்பிய அந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள்.